வெடிப்பு விட்டுச் செல்லும் தடயம்



ஜொகூரின் தென்மேற்குக் கரையில் நின்று பார்த்தால் நீரிணைக்கு அப்பால் துவாஸ் தெரியும். சிங்கப்பூரின் மேற்குக் கோடி அது. முற்காலத்தில் மலாய் மீனவர்கள் அங்கே இலைதழைகளைக் கட்டிக் கடலில் நிறுத்தி வைப்பார்களாம். வெயிலுக்கு ஒதுங்கும் மீன்கள் அந்த நிழலில் வந்து கூடும், கூடியதும் தூக்கிவிடுவார்கள். அந்த மீன்பிடி முறையின் பெயரே ஊருக்கும் ஆயிற்று என்று சொல்கிறார்கள். இன்று தழையும் இல்லை, தழை நிழலும் இல்லை. கடலைத் தூர்த்துத் தொழிற்சாலைகள் எழுப்பியிருக்கிறார்கள். 1998-ல் இரண்டாம் பாலம் திறந்தபின், எங்கள் தோட்டத்து இளைஞர்கள் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பி அங்கே வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் பால்வெட்டுக்கு எழுந்த அதே நேரந்தான், திசைதான் மாறிவிட்டது.

2021 பிப்ரவரி 24-ஆம் நாள் அந்தத் துவாஸில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. நோய்த்தொற்றுக் காரணமாக எல்லை மூடப்பட்டு ஓராண்டு ஆகப்போகிற நேரம். போன பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இங்கே பள்ளியும் மூடிக்கிடந்தது. கைத்தொலைபேசி வழியாகத்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அன்று பிற்பகல் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுடைய குரல் வந்தது. "சார், துவாஸ்ல பெரிசா வெடிச்சிருச்சாம். அண்ணன் போன் எடுக்க மாட்டேங்கிறாரு. அது அணுகுண்டா சார்? இல்ல, படத்துல வர்ற ஆன்டிமேட்டர் குண்டா?"

அண்ணன் வேறு தொழிற்சாலையில் இருந்தார், மாலையில் பேசிவிட்டார். ஆனால் பையனுடைய கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. ஆன்டிமேட்டர் என்று அவன் சொன்னதைத் தமிழில் எதிர்ப்பொருள் என்பார்கள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு அறிவியல் கற்பித்தவர் அணுவைப் பிளப்பதோடு பாடத்தை முடித்துக்கொண்டார். ஆகவே நாங்களே தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் துவாஸ். வெடிப்பு நடந்த பட்டறையில் தீயைத் தடுக்கும் உறைப்பொருள் தயாரித்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. அதற்கான களிமண் போன்ற கலவையில் உருளைக்கிழங்கு மாவும் ஒரு கூட்டுப்பொருள். கலக்கும் இயந்திரத்தைச் சுற்றி எண்ணெய் நிரப்பிய உறை ஒன்று. அந்த எண்ணெயைச் சூடேற்றினால் உள்ளே கலவையும் சூடாகும். முன் நாட்களிலேயே எண்ணெய்க் கசிவும் சிறு தீயும் தோன்றின என்று பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது. அன்று முற்பகல் 11 மணி தாண்டியதும் உறைக்குள் அழுத்தம் ஏறி, உறை கிழிந்தது. வெளியே பீறிட்ட எண்ணெய் ஆவி தீப்பிடித்தது. அந்த அதிர்ச்சியில் பட்டறையில் படிந்திருந்த மாவுத்தூள் கிளம்பிக் காற்றில் பரவி, அதுவும் பற்றிக்கொண்டது. பத்துப் பேர் காயமுற்றனர். அவர்களில் மூவர் இறந்தனர், ஒருவர் இந்தியர், இருவர் வங்காளதேசத்தவர்.

மாவா வெடிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கிலோ மாவு எரிந்து வெளியிடும் சக்தி, ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்து வெளியிடுவதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. நம்புவதற்குக் கடினம், ஆனால் உண்மை. மாவு நமக்கு உணவாவதும் அந்தச் சக்தியால்தான். வெடிமருந்து தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து முடிகிறது. மாவு காற்றை நம்பியிருக்கிறது. மூட்டையாகக் கட்டிவைத்தால் மேல்புறம் மட்டும் கருகும். அதே மாவு தூளாகி நாற்புறமும் சுவர் உள்ள கொட்டகையில் மிதந்தால், ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்கிறது. ஒரு துகளில் பட்ட தீ அடுத்ததற்குத் தாவுகிறது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஐன்ஸ்டைன் 1905-ல் பொருளும் சக்தியும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று காட்டினார். எந்த வெடிப்பிலும் பொருளின் ஒரு பகுதி சக்தியாக மாறிவிடுகிறது. எவ்வளவு பகுதி என்பதில்தான் வெடிப்புக்கு வெடிப்பு வேறுபாடு. மாவு எரியும்போது மாவும் அதை எரிக்கும் பிராணவாயுவும் சேர்ந்த எடையில் ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒரு பங்கே மறைகிறது. நாலாயிரம் மூட்டை அரிசியை அடுக்கி வைத்து, அதிலிருந்து ஒரே ஒரு அரிசியை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அந்த ஒற்றை அரிசி மூன்று குடும்பங்களின் வாழ்வை அழித்துவிட்டது.

அடுத்தது அணுகுண்டு. நம் தோட்டங்களுக்கு அது வெறும் பாடப்புத்தகச் செய்தி அன்று. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காடு, காலரா, பட்டினி. பல்லாயிரம் தமிழர் திரும்பி வரவில்லை. 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவிலும் 9-ல் நாகசாகியிலும் குண்டு விழுந்தது. 15-ல் ஜப்பானிய மன்னர் சரணடைவதை வானொலியில் அறிவித்தார். செப்டம்பர் 12-ல் சிங்கப்பூர் நகராட்சி மண்டபத்தில் சரணடைவுச் சடங்கு நடந்தது. "குண்டு போட்டதால்தான் நம்ம ஆளுங்க பிழைச்சாங்க" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாதை 1943 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பெரும்பாலோர் அதற்கு முன்பே மண்ணாகிவிட்டார்கள்.

அந்தக் குண்டில் ஏறத்தாழ 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் ஒரு கிலோவுக்கும் குறைவான பகுதியே பிளந்தது. பிளந்ததிலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் சக்தியாக மாறியது. அஃதாவது, முக்கால் கிராமுக்கும் குறைவான பொருள். ஒரு பிடி அரிசியில் ஒரு மணி எடுத்ததுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளைவு 15,000 டன் டி.என்.டி. வெடித்ததற்கு நிகர். அந்த ஆண்டு இறுதிக்குள் ஹிரோஷிமாவில் மாண்டவர் ஏறத்தாழ 1,40,000 பேர்.

சக்தியின் அளவு மட்டும் வேறுபாடு அன்று. போருக்கிடையே மலாயாவிலிருந்து ஜப்பானியர் அழைத்துச் சென்ற மாணவர்களில் மூவர் அப்போது ஹிரோஷிமாவில் படித்துக்கொண்டிருந்தனர். நிக் யூசோப் குண்டுவெடிப்பிலேயே இறந்தார். ஜொகூரைச் சேர்ந்த சைட் ஓமார் உயிர் தப்பினார். மற்றவர்களுக்கு உதவியும் செய்தார். சில வாரங்கள் கழித்துத் தோக்கியோவுக்கு ரயிலேறியவர் வழியில் நோயுற்றார். கியோத்தோவில் இறக்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கேயே இறந்தார். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாமவர் அப்துல் ரசாக் நாடு திரும்பி, ஆசிரியப் பணி செய்து, நெடுங்காலம் வாழ்ந்தார். சைட் ஓமாரைக் கொன்றது நெருப்பன்று, இடிந்து விழுந்த சுவருமன்று. குண்டு வெடித்த நொடியில் பாய்ந்த காமாக் கதிரும் நியூட்ரானும் உடலின் உள்ளே செய்த சேதம் வெளியே தெரிய ஒரு மாதம் ஆயிற்று. மாவு வெடிப்பில் இப்படி ஒன்று கிடையாது.

அணுகுண்டு இன்னொன்றையும் விட்டுச் செல்கிறது. பிளந்த யுரேனியத்தின் துண்டுகள் புதிய தனிமங்களாகின்றன. அவற்றில் பல கதிர்வீச்சு உடையவை. அயோடின்-131 என்பது எட்டு நாளில் பாதியாகும். சீசியம்-137 பாதியாக முப்பது ஆண்டு வேண்டும். 1954 மார்ச் 1-ல் பிக்கினித் தீவில் அமெரிக்கர் வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மேல் வெண்பொடியாகப் பெய்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நாட்டுக்கு நாடு அணுகுண்டுச் சோதனையை ஒளித்துவைக்க முடியாமற்போனதும் இந்தச் சாம்பலால்தான். காற்றைப் பிடித்துச் சோதித்தால் எந்த வகைக் குண்டு வெடித்தது என்று சொல்லிவிடலாம்.

இனி, பையன் கேட்ட எதிர்ப்பொருள். 1928-ல் டிராக் என்ற ஆங்கிலேய அறிஞர் எலெக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அந்தக் கணக்கு ஒன்றுக்கு இரண்டு விடை கொடுத்தது. எலெக்ட்ரானைப்போலவே எடையுள்ள, ஆனால் மின்னேற்றம் மாறிய இன்னொரு துகள் இருக்க வேண்டும் என்று 1931-ல் அவர் சொன்னார். மறு ஆண்டே அமெரிக்காவில் ஆண்டர்சன் என்பவர் வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் படம் பிடித்தபோது அது சிக்கியது. பாசிட்ரான் என்று பெயரிட்டார்கள். 1955-ல் எதிர்ப்புரோட்டானைக் கண்டார்கள். 1995-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் எதிர் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்பது உருவாயின.

பொருளும் எதிர்ப்பொருளும் தொட்டுக்கொண்டால் இரண்டுமே இல்லாமற்போய், முழு எடையும் சக்தியாகிவிடும். ஒரு பிடி அரிசியில் ஒரு மணி என்றோமே, இங்கே பிடி அரிசி முழுவதும் போய்விடும். எதிரே இருப்பவர் கையிலுள்ள பிடியும் சேர்ந்து போய்விடும். ஹிரோஷிமாவின் அளவுக்கு, கணக்குப்படி, மூன்றில் ஒரு கிராம் எதிர்ப்பொருளும் அதே அளவு சாதாரணப் பொருளும் போதும்.

அணுகுண்டோடு ஒப்பிடும்போது எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது இந்த அளவன்று. யுரேனியத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் பிளவு தொடர்ந்து நடக்காது, சும்மா கிடக்கும். ஈர விறகை ஒற்றைக் கட்டையாக வைத்தால் அணைந்துவிடுவதும், சேர்த்து அடுக்கினால் எரிவதும் போல. ஆகவே அணுகுண்டு செய்பவர் துண்டுகளைத் தனித்தனியே வைத்திருந்து, வேண்டிய நொடியில் சேர்க்கிறார், அல்லது நசுக்குகிறார். எதிர்ப்பொருளுக்கு அப்படிக் கீழ்வரம்பு இல்லை. ஒரு துகளானாலும் தொட்டால் மறையும். திரி வேண்டாம், விசை வேண்டாம். அதை வெடிக்கச் செய்வது எளிது. வெடிக்காமல் வைத்திருப்பதுதான் கடினம். எந்தப் பாத்திரத்திலும் ஊற்ற முடியாது, ஏனென்றால் பாத்திரமும் பொருள்தானே. காற்றில்லாத வெற்றிடத்தில் காந்தப் புலத்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் தீர்ந்தது.

வெடித்தால் என்ன வரும்? எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மறைந்தால் பெரும்பாலும் இரண்டு காமாக் கதிர்கள், வேறொன்றும் இல்லை. புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மறைந்தால் பையான் என்ற குறுவாழ்வுத் துகள்கள் சிதறும். அவற்றில் சில உடனே காமாக் கதிராகும். மற்றவை சிதைந்து மியூவானாகி, மியூவானும் சிதைந்து, சக்தியின் பெரும்பகுதியை நியூட்ரினோக்களிடம் கொடுத்துவிடும். நியூட்ரினோ பூமியையே ஊடுருவிப் போய்விடும் துகள். நம்மை ஒன்றும் செய்யாது. ஆகவே, சுற்றிலும் அடர்த்தியான பொருள் இல்லையென்றால், இத்தகைய வெடிப்பின் சக்தியில் ஏறத்தாழ பாதிகூட யாருக்கும் தெரியாமல் வெளியேறிவிடலாம். (இந்த நியூட்ரினோவைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-ல் முதன்முதல் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம். நிலத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களில் பெரும் பகுதியினர், நம் முன்னோர் கப்பலேறிய அதே மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள்.)

மீதிப் பாதியே ஊரை அழிக்கப் போதும். காமாக் கதிர் அருகில் இருப்போரைச் சைட் ஓமாரைக் கொன்றதுபோலவே கொல்லும். ஆனால் யுரேனியத் துண்டுகள் இல்லாததால் அயோடினும் சீசியமும் கலந்த அந்தச் சாம்பல் மழை இராது. காற்றிலும் மண்ணிலும் உள்ள அணுக்கரு சில உடைந்து சிறிது கதிர்வீச்சு மிஞ்சும், அவ்வளவுதான். சிலர் இதைச் "சுத்தமான குண்டு" என்று எழுதியிருக்கிறார்கள். குண்டுக்குச் சுத்தம் என்ற சொல்லைச் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்படி ஒரு வெடிப்பு உண்மையில் நடந்திருக்கிறதா என்று ஒருமுறை முறையாகவே ஆராய்ந்தார்கள். 1908 ஜூன் 30-ஆம் நாள் காலை, சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றுப்பக்கம் வானில் பெருவெடிப்பு. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டில் மரங்கள் ஒரே மாதிரி வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தன. நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால் ஐந்து லட்சம் ஏக்கர் காடு. ஆனால் நிலத்தில் குழி இல்லை, விழுந்த கல்லும் அகப்படவில்லை. அணு யுகத்துக்கு முன்பே நடந்த இந்த வெடிப்பு எதனால் என்று பல ஊகங்கள் எழுந்தன.

1965-ல் கோவன், அட்லூரி, லிப்பி என்ற மூவர் ஒரு வழி சொன்னார்கள். லிப்பி, கார்பன்-14 கொண்டு பழம்பொருளின் வயதைக் கணிக்கும் முறைக்காக நோபல் பரிசு பெற்றவர். கோவன், நியூட்ரினோவைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். விழுந்தது எதிர்ப்பொருளாக இருந்தால், அது காற்றில் மறையும்போது அணுக்கருக்கள் உடைந்து நியூட்ரான்கள் தெறிக்கும். நியூட்ரான் நைட்ரஜனில் பட்டால் கார்பன்-14 உண்டாகும். அது கரியமிலவாயுவாகி உலகம் முழுவதும் பரவும். மரங்கள் அதை உட்கொள்ளும். ஆக, எங்கேனும் ஒரு மரத்தில் 1908-ஐ அடுத்த ஆண்டு வளையத்தைச் சோதித்தால் போதும்! குளிர்நாட்டு மரங்களில் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விழும். நம் பால்மரத்தில் அப்படித் தெரிவதில்லை. அவர்கள் அமெரிக்க நாட்டு மரங்களை எடுத்துச் சோதித்தார்கள். 1909-ஆம் ஆண்டு வளையத்தில் கார்பன்-14 ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. வெடிப்பு முழுவதும் எதிர்ப்பொருளால் என்று சொல்ல அது போதாது. மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் இருக்கக்கூடும் என்று எழுதினார்கள்.

அந்தச் சிறு ஏற்றமும் சூரியனால் ஆண்டுதோறும் ஏற்படும் இயல்பான மாற்றத்துக்குள் அடங்குவதுதான் என்று பிறகு கருதினார்கள். வேறொரு தடையும் இருக்கிறது. எதிர்ப்பொருளால் ஆன கல் மேல்வானத்தில் மெல்லிய காற்றைத் தொட்டவுடனேயே அழியத் தொடங்கிவிடும். தரைக்கு ஐந்து பத்து கிலோமீட்டர் உயரம்வரை எப்படி இறங்கும்? 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ இருபது மீட்டர் அளவுள்ள விண்கல் காற்றிலேயே வெடித்துச் சிதறியபோது, கண்ணாடி உடைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். துங்குஸ்காவில் நடந்ததும் இதே வகைதான், ஆனால் பெரியது என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. மூவருடைய ஊகம் தவறாயிற்று. ஆனாலும் சாம்பலைக் கண்டு தீயை அறியும் அந்த முறை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எதிர்ப்பொருள் குண்டு யாரிடமும் இல்லை; வரும் என்று அஞ்சவும் காரணம் இல்லை. அது எங்கும் தோண்டி எடுக்கக் கிடைப்பதன்று. துகள் துகளாகச் செய்ய வேண்டும். செய்வதற்குச் செலவாகும் மின்சாரம், அது திருப்பித் தருவதைவிடப் பல கோடி மடங்கு. செர்ன் ஆய்வுக்கூடம் இதுவரை செய்த எல்லாவற்றையும் ஒன்றாக அழித்தாலும் ஒரு மின்விளக்கு சில நிமிடம்தான் எரியும். ஆனால் எதிர்ப்பொருள் நம்மைச் சுற்றி எப்போதும் இருந்துகொண்டிருக்கிறது. இடிமேகங்களிலிருந்து பாசிட்ரான்கள் கிளம்புவதை ஃபெர்மி விண்கலம் கண்டதாக 2011-ல் அறிவித்தார்கள். நாம் உண்ணும் வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரான் வெளியாகி மறைகிறது. புற்றுநோய் எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கப் பெரிய மருத்துவமனைகளில் 'பெட் ஸ்கேன்' எடுக்கிறார்களே, அதுவும் உடம்பினுள் பாசிட்ரான் மறையும்போது எழும் காமாக் கதிரைக் கொண்டுதான்.

இதையெல்லாம் எங்கள் மாணவனுக்குச் சொல்ல எங்களுக்கு ஓராண்டு ஆகிவிட்டது. 2022 ஏப்ரலில் எல்லை திறந்ததும் அவனுடைய அண்ணன் வந்திருந்தார். அவரையும் உட்கார வைத்துக்கொண்டு சொன்னோம். பையனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "வெறும் மாவா சார்?" என்றான். அண்ணனுக்கு அப்படி இல்லை. தூள் படியும் பட்டறையில் எவ்வளவு கனம் படிந்தால் ஆபத்து என்று கேட்டார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படிவே கொட்டகை முழுவதும் பரந்திருந்தால் போதும் என்றோம். விரலால் பெயர் எழுதினால் எழுத்துத் தெரியுமென்றால் அது அதிகம். காற்றுக்குழாயால் ஊதித் துடைப்பது இன்னும் மோசம், படிந்ததைக் கிளப்பிவிடும். தூள் உறிஞ்சும் இயந்திரம் வேண்டும், அதுவும் தீப்பொறி எழாத வகையாக.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பட்டறையில உத்தரத்துக்கு மேல என் பேரு, அப்பா பேரு, தோட்டத்துப் பேரு எல்லாம் எழுதலாம் சார்" என்றார்.